ஒன்றரைக் கண்

1

தமிழ்க் கவிதையிலும் கதையிலும் கண் சும்மா இருப்பதில்லை. அழைக்கும், மறுக்கும், சுடும், கெஞ்சும். பக்கவாட்டில் ஓடினால் களவு, தாழ்ந்தால் நாணம், மேலே நிலைத்தால் பக்தி, அல்லது மரணம், எதிரே குத்திட்டு நின்றால் கோபம். கண் என்பது ஆறு தசைகள் அசைக்கிற ஓர் உருண்டை. அந்தத் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து புறப்படுகின்றன. அங்கே ஒரு சிறு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் களவும் கோபமும் இல்லாமலே கண் ஓடாமல் நின்றுவிடும். இந்தச் செய்தி நம் எழுத்துக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. சேராததால் இலக்கியத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இலக்கியத்தோடு நிற்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. ஒன்றில் அரசனின் முகம், மற்றதில் காதலியின் கண். எதிரே இருப்பவர் வாய்திறக்காதபோது அவர் உள்ளத்தை வாசித்துவிடுகிற வித்தை இரண்டிலும் பேசப்படுகிறது. நம் மரபு இந்த வித்தையைத்தான் பெரிதாக வளர்த்துக்கொண்டது.

அதே நூலில் 58ஆவது அதிகாரம் 'கண்ணோட்டம்'. இன்று இந்தச் சொல் விமர்சகர்களின் கையில் தேய்ந்துவிட்டது. மார்க்ஸியக் கண்ணோட்டம், அழகியல் கண்ணோட்டம் என்று எதையும் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். வள்ளுவரிடத்தில் அது இரக்கம், தாட்சண்யம். பழகியவர்களைக் கண்டால் அவர்கள் சொல்வதை மறுக்க முடியாமை என்று விளக்கும் பரிமேலழகர், அவர்கள் மேல் கண் செல்கிறபோது இது நிகழ்வதால் இந்தப் பெயர் என்று காரணமும் தருகிறார். கண் ஓடுவதே இரக்கம் என்று ஒரு மொழி பெயர் வைத்திருக்கிறது. அந்த மொழியில் வாழ்கிற ஒருவருக்குக் கண் ஸ்தூலமாகவே ஓடாமல் போனால், அவரை அவர் வீட்டார் எப்படி வாசிப்பார்கள்?

2

'ஒன்றரைக் கண்' எங்கள் பக்கத்தில் வசவு. மாறுகண் உள்ளவனைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். 1967இல் பாஸ்டனில் வேலை செய்த நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர், மூளைத்தண்டுப் பாதிப்பில் வருகிற ஒரு கோளாறுக்கு ஏறக்குறைய இதே பெயரைக் கொடுத்தார்: 'ஒன்றரை' நோய்க்குறித் தொகுதி. அவருக்குத் தமிழ் வசவு தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கணக்குப் போட்டார், நாம் கேலி செய்தோம். எண் மட்டும் ஒன்றாக வந்துவிட்டது.

கணக்கு இதுதான். இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் இடக்கண் மூக்கைவிட்டு விலக வேண்டும். வலக்கண் மூக்கை நோக்கி வர வேண்டும். முதலாவதைச் செய்வது ஆறாவது நரம்பு. அதன் கரு மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் இருக்கிறது. இரண்டாவதைச் செய்வது மூன்றாவது நரம்பு. அதன் கரு இன்னும் மேலே, நடுமூளையில். இரண்டு கண்ணும் ஒரே கணத்தில் ஓடுவதற்காக, ஆறாவதின் கருவிலிருந்து ஓர் இழைக்கட்டு நடுக்கோட்டைத் தாண்டி மேலேறி எதிர்ப்பக்கத்து மூன்றாவதின் கருவுக்குச் சேதி கொண்டுபோகிறது. இப்போது இடப்பக்கத்துப் பான்ஸில் அடைப்பு. ஆறாவதின் கருவும், பக்கத்தில் ஓடுகிற இழைக்கட்டும் சேர்ந்து கெடுகின்றன. இடப்பக்கம் பார்க்க இரண்டு கண்ணும் வராது. அது ஒன்று. வலப்பக்கம் பார்க்கும்போது வலக்கண் மட்டும் நடுங்கிக்கொண்டே போகும், இடக்கண் நடுவிலேயே நிற்கும். அது அரை. பக்கவாட்டு அசைவுகளில் மிச்சம் ஒரே ஒரு கண்ணின் ஒரே ஒரு திசை.

மேலும் கீழும் பார்ப்பது பெரும்பாலும் கெடுவதில்லை. அதற்கான கேந்திரம் மேலே நடுமூளையில் இருக்கிறது. பக்கவாட்டுப் பார்வைக்கு ஒரு வீடு, மேல்கீழ்ப் பார்வைக்கு இன்னொரு வீடு. கீழ்வீடு இடிந்தாலும் மேல்வீட்டில் விளக்கு எரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

3

பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கம் கரிசல் நிலம். மக்காச்சோளமும் பருத்தியும். என் பெரியப்பா அங்கே விவசாயம். ஒருநாள் விடியற்காலை வயலிலிருந்து தள்ளாடிக்கொண்டே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். பேச்சு குழறிற்று. "விடிஞ்சதும் விடியாததுமா போட்டுட்டாரு போல" என்றார்கள். அவர் ஆயுளில் குடித்தவர் இல்லை, அது ஊருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவருடைய இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. குடித்தவன் கண் அப்படித்தான் இருக்கும் என்பது ஊர் பழகி வைத்திருக்கிற இலக்கணம். இலக்கணம் ஆளைவிட பலமானது. வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்து மோர் கொடுத்தார்கள். புரை ஏறிற்று. சாயங்காலம் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள்தான் திருச்சி.

வார்டில் கட்டிலின் வலப்பக்கம் சுவர். பெரியம்மா இடப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தலையை அசைத்தால் அறை சுழன்றது, அதனால் தலையையும் திருப்பவில்லை. பேச்சும் இன்னும் தெளியவில்லை. "பாத்தியாப்பா, என் பக்கமே திரும்ப மாட்டேங்கறாரு" என்றார் பெரியம்மா என்னிடம். போன வருஷம் போர் போட நகையைக் கேட்டபோது தர மறுத்திருந்தார். "அத இன்னும் மனசுல வச்சிருக்காரு. சாகப்போற நேரத்துலயும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு." நாற்பது வருஷக் குடித்தனத்தை அந்த ஒரு கண்ணில் வாசித்து முடித்துவிட்டார். வாசிப்பு நுட்பமானது, ஒத்திசைவானது, முன்பின் சம்பவங்களோடு பொருந்துவது. ஒரு சிறுகதையில் வந்திருந்தால் நாம் எல்லோரும் பாராட்டியிருப்போம்.

மூன்றாம் நாள் ஓர் இளம் டாக்டர் வந்தார். பேனாவை அவர் முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாக நகர்த்தினார். மேலே: போயிற்று. கீழே: போயிற்று. இடப்பக்கம்: இரண்டும் நின்றன. வலப்பக்கம்: ஒன்று மட்டும் போயிற்று. இரண்டு தடவை திரும்பச் செய்துபார்த்தார். பிறகு பெரியம்மாவிடம், "அம்மா, அவரு உங்களப் பாக்கக்கூடாதுன்னு இல்ல. அந்தப் பக்கம் கண்ணு வராது. கால்மாட்டுல போய் உக்காருங்க" என்றார். பெரியம்மா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போய் நின்றார். பெரியப்பாவின் கண்கள் அவர் புடவைக் கரையிலிருந்து முகம்வரை ஏறின. ஏறுவதற்கு அவற்றுக்குத் தடை ஒன்றும் இல்லை.

ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு சில மாதம் நடந்தார். இரட்டைப் பார்வை குறைந்தது. இடப்பக்கம் முழுசாகத் திரும்பவில்லை. பெரியம்மா இன்றைக்கும் அவருக்கு வலப்பக்கமாகத்தான் உட்காருகிறார்.

4

நம் பத்திரிகைகளில் உருவமா உள்ளடக்கமா என்ற சண்டை பல காலம் நடந்தது. இரண்டு பக்கமும் அலுத்துப்போய் விட்டுவிட்டோம். அந்தச் சண்டைக்கு ஓர் ஆஸ்பத்திரி வார்டில் உயிர் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டீக்கடையும் பெரியம்மாவும் செய்தது உள்ளடக்க விமர்சனம். கண்ணைப் பார்த்ததும் அர்த்தத்துக்குப் போய்விட்டார்கள்: குடி, பித்தம், மனத்தாங்கல். டாக்டர் அர்த்தத்தைத் தள்ளிப்போட்டார். எந்தக் கண், எந்தத் திசை, எவ்வளவு தூரம், எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்ன உறுப்புகளில் 'நோக்கு' ஒன்று. மாத்திரையிலிருந்து தொடங்கி அடிவரைக்கும், வாசகனை நின்று பார்க்க வைக்கிற காரணம் எதுவோ அது. கருத்துக்குத் தாவுவதற்கு முன் மாத்திரையில் தொடங்கச் சொல்கிறார் என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு செய்தது அந்த ஒழுங்கில் ஒரு வாசிப்பு.

அந்த வாசிப்பின் பலத்துக்குச் சான்று இருக்கிறது. விடாத தலைச்சுற்றலோடு வருகிறவர்களுக்குக் கட்டில் பக்கத்திலேயே செய்கிற மூன்று கண் சோதனைகள் உண்டு. தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் இலக்கிலேயே நிற்கிறதா. பார்வையை மாற்றினால் கண் துடிப்பின் திசையும் மாறுகிறதா. கண்களை மாற்றி மாற்றி மூடித் திறந்தால் ஒன்று மேலேயோ கீழேயோ நகர்ந்து சரிசெய்துகொள்கிறதா. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முதல் இரண்டு நாளில் எம்.ஆர்.ஐ. படம் தவறவிட்ட சில அடைப்புகளைக்கூட இந்த மூன்றும் காட்டிக்கொடுத்தன என்று சொல்லிற்று. பழக்கப்பட்ட கண் இன்னொரு கண்ணைப் பொறுமையாகப் பார்ப்பது, கோடி ரூபாய் இயந்திரத்தை முந்துகிறது.

ரத்தக்கட்டைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. மூளைத்தண்டுக்கு ரத்தம் தருகிற பெரிய குழாயே அடைத்திருந்தால் குழாய் வழியாகக் கட்டை உருவி எடுப்பதற்குக் கூடுதல் அவகாசம் உண்டு. 2022இல் வெளியான இரண்டு சீன ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. பெரம்பலூரிலிருந்து திருச்சி, நாற்கரச் சாலையில் ஒரு மணி நேரம். அரியலூரில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 108ஐக் கூப்பிட்டால் வண்டி வரும். முன்பு ஒரே திருச்சி மாவட்டமாக இருந்த பிரதேசத்தில் 1995இல் பெரம்பலூரும், 2007இல் நிலையாக அரியலூரும் தனி மாவட்டங்களாகி, ஆபீஸ்களும் ஆஸ்பத்திரிகளும் கிட்டே வந்துவிட்டன. பெரியப்பா இழந்த ஒரு பகலும் ஓர் இரவும் சாலையில் இழந்தவை அல்ல. டீக்கடை பெஞ்சில், வாசிப்பில் இழந்தவை. முகம் கோணுகிறதா, கை விழுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்லது. திடீரென்று தள்ளாட்டம், திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிவது, திடீரென்று கண் ஒரு பக்கம் வராமல் நிற்பது ஆகியவற்றையும் கூடவே கேட்க வேண்டும். கேட்பதற்கு, கண் சில சமயம் ஒன்றையும் குறிப்பதில்லை என்ற எண்ணம் முதலில் ஜனங்களிடம் இருக்க வேண்டும். அந்த எண்ணம் எங்கிருந்து வரும்? கதைகளிலிருந்தும் சினிமாவிலிருந்தும் அவர்கள் கற்றது நேர் எதிரானது.

5

டாக்டரின் வாசிப்பு போதும் என்று நான் சொல்லவில்லை. அது அடைப்பு எந்த இடத்தில் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆள்?

பான்ஸின் இரண்டு பக்கமும் கெட்டால் கை கால் பேச்சு எல்லாம் போய், பக்கவாட்டுப் பார்வையும் போய், கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் மட்டும் மிஞ்சலாம். பிரக்ஞை முழுசாக இருக்கும். உள்ளே பூட்டப்பட்ட நிலை என்று இதற்கு 1966இல் ப்ளம், போஸ்னர் என்ற இருவர் பெயரிட்டார்கள். மேலே பார், கீழே பார் என்று யாரும் சொல்லிப் பார்க்காவிட்டால் இந்த மனிதர் நினைவற்றவராகவே கிடப்பார். பல சமயம் முதலில் கண்டுகொள்வது டாக்டர் அல்ல, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற குடும்பத்தார்தான்.

பிரெஞ்சு நாவல் இந்த மனிதரை மருத்துவம் பெயரிடுவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே கண்டுகொண்டது. 1844இல் தொடங்கித் தொடராக வந்த 'மான்டி கிறிஸ்டோ பிரபு'வில் டூமாவின் கிழவர் நுவார்த்தியே. கண்ணை மூடினால் ஆம், பல தடவை இமைத்தால் இல்லை. பேத்தி எழுத்து வரிசையைச் சொல்லி, அகராதியில் விரலை ஓட்டி, அவர் வேண்டுகிற சொல்லில் நிறுத்துகிறாள். அந்தக் கண்களாலேயே அவர் உயில் எழுதிவிடுகிறார். 1867இல் ஸோலாவின் 'தெரேஸ் ரக்கேன்' இதன் மறுபக்கம். வாதத்தில் விழுந்த தாய், தன் மகனைக் கொன்றவர்கள் இன்னார் என்று மேஜைமேல் விரலால் எழுதத் தொடங்குகிறாள். பாதியில் விரல் ஓய்ந்துவிடுகிறது. விருந்தாளிகள் மீதியைத் தாங்களே பூர்த்தி செய்து, அந்த இருவரும் தன்னை அருமையாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல வந்தாள் என்று சந்தோஷப்படுகிறார்கள். அவசர வாசகனைப் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. 1995 டிசம்பரில் மூளைத்தண்டு வாதத்தில் விழுந்த ழான்-டொமினிக் பொபி என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர், இடது இமையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகத்தையே சொல்லி எழுதவைத்தார். பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்து முதலில் வருகிற வரிசையை ஒருவர் சொல்லிக்கொண்டே போக, வேண்டிய எழுத்தில் அவர் இமைப்பார். புத்தகம் 1997 மார்ச்சில் வெளிவந்தது. சில நாளில் அவர் இறந்தார்.

தமிழில் 247 எழுத்து, இதெல்லாம் நடக்காது என்று ஒரு நண்பர் சொன்னார். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 247ஐயும் வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் கேள்வி இனம்: உயிரா, வல்லினமா, மெல்லினமா, இடையினமா? அதிகபட்சம் நான்கு. ஓர் இனத்தில் ஆறு மெய், அதிகபட்சம் ஆறு. பிறகு புள்ளியா, குறிலா, நெடிலா? மூன்று. குறில் ஐந்து, நெடில் ஏழு, அதிகபட்சம் ஏழு. ஆய்தத்தைத் தனியே வைத்துவிட்டால், எந்த எழுத்தும் இருபது கேள்விக்குள். 'தா' என்று சொல்ல நினைப்பவருக்குப் பத்தே கேள்வி. மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டில் கட்டம் போட்டுக் கட்டில் பக்கத்தில் தொங்கவிடலாம். நாம் மனப்பாடம் செய்து வெறுத்த எழுத்திலக்கணப் பாகுபாடு, வாய் மூடிப்போன ஒருவருக்கு வாயாக முடியும். மரபின் உபயோகம் குறித்து நம்மிடையே நடந்த விவாதங்களில் இந்த உபயோகம் யாருக்கும் தோன்றவில்லை.

6

அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலின் வடக்குப் படிக்கட்டை ஒட்டி, சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றுகிற சிற்பம். ராஜேந்திரன் காலம், பதினோராம் நூற்றாண்டு. கல்லில் கண் ஓடாது. சிற்பிக்கு அது தெரியும். அதனால் அவன் கண்ணில் வித்தை காட்டவில்லை. பார்வை செய்ய வேண்டியதை மேலிருந்து வருகிற கைக்கும், கீழே சற்றே தாழ்ந்த தலைக்கும், கூப்பிய விரல்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டான். மாலையைச் சுற்றும் கையைப் பார்த்த பிறகு முகத்தைப் பார்த்தால், அந்தக் கல் முகம் சண்டேசரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே படுகிறது. ஓடியது நம்முடைய கண்.

பரிமேலழகர் சொன்ன காரணத்தை இங்கே வைத்து யோசிக்கலாம். கண்ணோட்டம் எதிரே இருப்பவரின் கண்ணில் தேடவேண்டிய குறிப்பு அல்ல. அது பார்க்கிறவர் செய்ய வேண்டிய காரியம். நம் இலக்கியம் 71ஐயும் 110ஐயும் படித்த அளவுக்கு 58ஐப் படிக்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவரின் கண் நம் பக்கம் ஓடவில்லை என்றால், நாம் எழுந்து அது ஓடக்கூடிய பக்கத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்திருக்க வேண்டும். அறிவு முதலில், இரக்கம் அதன் பின்னால். வரிசையை மாற்றினால் இரக்கம் பெரியம்மாவின் அழுகையாகவே முடியும்.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. இனி ஒரு கதையில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், கண்ணை விலக்கிக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே எந்தக் கண், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போய் நின்றது என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த வரியைப் படித்துப் பழகிய ஒருவராவது குன்னத்திலோ ஜெயங்கொண்டத்திலோ ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடும்.